கைதட்டி முடிந்ததும் யார் வழி சொல்வது?

சென்ற ஆண்டு ஒரு மத்தியானம். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில் ஒரு மேல்நிலைப் பள்ளி. தேரிக்காட்டுச் செம்மண் காற்றோடு வந்து ஜன்னல் கட்டையிலும் பெஞ்சுகளிலும் பொடிப்பொடியாகப் படிந்திருந்தது. உயர்கல்வி வழிகாட்டல் கூட்டம் என்று பேனர் கட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார். சந்திரயான், ஆதித்யா, ககன்யான், இடையிடையே கலாம். நன்றாகத்தான் பேசினார். பிள்ளைகளும் கை வலிக்கத் தட்டினார்கள். ‘கேள்வி இருந்தா கேளுங்க’ என்றதும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“சார், எங்க அண்ணன் ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் படிக்கான். அவன் மகேந்திரகிரிக்கு வேலைக்குப் போக முடியுமா சார்?”

விருந்தினர் சிரித்தார். “கனவு பெருசா இருக்கணும்மா. அண்ணனை விடு, நீ விஞ்ஞானி ஆகப் பாரு” என்றார். அதற்கும் கைதட்டல். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மேடையில் மூன்றாவது நாற்காலியில் நானும் இருந்தேன். அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்து, மகேந்திரகிரி இஸ்ரோ உந்துவிசை வளாகம் முன்பு வெளியிட்டிருந்த ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைத் தேடி எடுத்துப் படித்தேன். ‘டெக்னீஷியன் பி’ என்றொரு பணி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் உரிய பிரிவில் ஐ.டி.ஐ. சான்றிதழும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று பிரிவுகள். டிப்ளமோ படித்தவருக்கு ‘டெக்னிக்கல் அசிஸ்டன்ட்’. அதற்குக் கீழே படவரைவாளர், கனரக வாகன ஓட்டுநர், தீயணைப்பாளர். அந்த அண்ணன் தாராளமாக விண்ணப்பிக்கலாம். இந்த ஒரு வரியைச் சொல்ல அன்றைக்கு அந்த மேடையில் ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பள்ளியிலிருந்து மகேந்திரகிரி ஒன்றும் அமெரிக்கா அல்ல. பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். இந்தியாவின் திரவ எரிபொருள் எஞ்சின்களும் கிரையோஜெனிக் எஞ்சின்களும் அங்கேதான் நெருப்புச் சோதனை காண்கின்றன. கிரையோஜெனிக் என்றால் என்ன? மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டிய திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜன். ஹைட்ரஜன் மூலக்கூறு எல்லாவற்றிலும் சின்னது. மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும், நழுவிவிடும். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், சீலை எப்படி உட்கார வைக்க வேண்டும், கையுறையில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு ஆக்சிஜன் குழாயில் பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் சமன்பாட்டோடு முடிகிற விஷயம் இல்லை. கை பழகியிருக்க வேண்டும்.

2013 ஆகஸ்டில் ஜிஎஸ்எல்வி டி5 ராக்கெட் ஏவப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பு நிறுத்தப்பட்டது. இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு. ராக்கெட்டைத் திரும்பக் கொண்டுபோய்ச் சரிசெய்து, 2014 ஜனவரி 5 அன்றுதான் விட்டார்கள். இந்தியாவில் செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு போய் முதன்முதலாக வென்ற பயணம் அது. வெற்றி நாளன்று தொலைக்காட்சியில் கண்ணாடி அணிந்த விஞ்ஞானிகள் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்தோம். நடுவே இருந்த நான்கரை மாதத்தில் அந்த அடுக்கைத் தொட்டு வேலை பார்த்த கைகளை நாம் பார்க்கவில்லை.

விஞ்ஞானி என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு துறையையே பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறோம். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் இரண்டு பேர் அந்தச் சொல்லைத் தங்களுக்கானது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மீதி முப்பத்தெட்டுப் பேர் கைதட்டுவதோடு தங்கள் பங்கு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதைச் சரிசெய்யும் பொறுப்பை அரசு, பள்ளி, இஸ்ரோ, பெற்றோர், பத்திரிகை என்று எவர் தலையில் கட்டினாலும் மற்ற நால்வரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். இத்தனை நாளும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

பத்திரிகைக்காரனாக என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்குச் சந்திரயான்-3-இன் தரையிறங்கி விக்ரம் நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம். ‘விழுப்புரம் முதல் நிலவு வரை’ என்கிற மாதிரி தலைப்புகளை நாங்களும்தான் போட்டோம். அவர் பத்தாம் வகுப்பு முடித்ததும் போய்ச் சேர்ந்தது பாலிடெக்னிக்கில், மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு என்ற தகவல் அந்தச் செய்திகளில் நாலாவது பத்தியில் அரை வரியாக இருந்தது. டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ., திருச்சி என்ஐடியில் எம்.இ., சென்னை ஐஐடியில் பிஎச்.டி. என்று படிப்படியாக ஏறியவர். இப்போதைய இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளைக்காரர். அவரும் முதலில் டிப்ளமோதான். பிறகு ஏ.எம்.ஐ.இ. தேர்வுகள் எழுதினார், தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார், 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தார், வேலையில் இருந்துகொண்டே கரக்பூர் ஐஐடியில் கிரையோஜெனிக் பொறியியல் படித்தார். ஒரு பாலிடெக்னிக் மாணவனுக்கு இந்த அரை வரியை விடப் பெரிய செய்தி எது? நாங்கள் அதைத் தலைப்பில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. டிப்ளமோ என்றால் மார்க் வராதவன் போகிற இடம் என்ற ஊர் வழக்கத்துக்கு நாங்களும் துணைபோனோம்.

கே. சிவன், மயில்சாமி அண்ணாதுரை, நிகர் ஷாஜி, மு. வனிதா என்று இஸ்ரோவின் தமிழ்நாட்டுப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். மேடைப் பேச்சாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பட்டியல் நீளநீளக் கேட்கிற பிள்ளைக்கு ஒரு மயக்கம் வருகிறது: இவர்களெல்லாம் பிறவியிலேயே வேறு மாதிரி. அண்ணாதுரை படித்தது கோதவாடி கிராமத்துப் பள்ளியில். நிகர் ஷாஜி செங்கோட்டையில் படித்துவிட்டுத் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போனவர். எந்தப் படிவத்தை எப்போது நிரப்பினார்கள், எந்த ஆசிரியர் சொல்லி அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார்கள், செலவுக்கு என்ன செய்தார்கள் என்பதைத்தான் பிள்ளைகள் கேட்க விரும்புகிறார்கள். நாம் சொல்வது கனவு, கனவு, கனவு.

இந்த விஷயத்தை இப்போதே பேச வேண்டியதற்கு ஊருக்குள் ஒரு காரணம் வந்துவிட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். குலசை என்றால் தமிழ்நாட்டுக்குத் தசராவும் முத்தாரம்மனும். உடன்குடிக் கருப்பட்டி பக்கத்தில். அங்கே ஏன் ராக்கெட் தளம் என்று டீக்கடையில் கேட்டால் ‘கடல் இருக்குல்ல’ என்பார்கள். கடல் ஸ்ரீஹரிகோட்டாவிலும் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் நேர் வழியில் இலங்கை நிற்கிறது. எரிந்த பாகங்கள் ஒரு நாட்டின் தலைமேல் விழக்கூடாது என்பதால் ராக்கெட் முதலில் வளைந்து, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, பிறகு தெற்கே திரும்ப வேண்டும். வளைவதற்கு எரிபொருள் வேண்டும். பெரிய பிஎஸ்எல்வி அந்தச் செலவைத் தாங்கிக்கொள்ளும். 500 கிலோ அளவிலான செயற்கைக்கோளைத் தூக்கவென்று செய்த சிறிய எஸ்எஸ்எல்விக்கு அந்தச் சுற்று வழி கட்டுப்படியாகாது. சுமையில் பெரும்பங்கு வழியிலேயே கரைந்துவிடும். குலசையிலிருந்து தெற்கே பார்த்தால் அண்டார்க்டிகா வரை தண்ணீர்தான்.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ எங்க ஊர்க்காரங்களுக்கெல்லாம் வேலையா?’ என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தாலும் ஏவுதளம் என்பது நூற்பாலை மாதிரி ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிற இடம் கிடையாது. கட்டுமானக் காலத்தில் கூலி வேலை கிடைக்கும், பிறகு காவல், போக்குவரத்து, பராமரிப்பு ஒப்பந்தங்கள் வரும். நிரந்தரப் பணிகள் அகில இந்தியத் தேர்வு வழியாக வரும். அதில் உடன்குடிப் பிள்ளைக்கென்று தனி இடம் கிடையாது. தேர்தல் மேடையில் இதைச் சொன்னால் ஓட்டுக் குறையும் என்று கட்சிகள் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் பத்து வருடம் கழித்து வேலியோரம் நின்று ‘எங்க நிலம் போச்சு, எங்களுக்கு என்ன வந்துச்சு’ என்று கேட்கும் ஒரு தலைமுறை உருவாகும்.

வேலை வர வேண்டிய இடம் வேலிக்கு வெளியே. 2025-இல் தமிழ்நாடு அரசு விண்வெளித் தொழில் கொள்கையை வெளியிட்டது. ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, 10,000 வேலைகள் என்பது அதன் இலக்கு. சென்னை ஐஐடியின் நிழலில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினை வைத்து ஒரு சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. கோவையின் பட்டறைகளும் ஓசூரின் எந்திர வெட்டுக் கூடங்களும் இந்தத் துறைக்கு உதிரிபாகம் செய்யக்கூடியவை. கொள்கை அறிவிப்பில் இருக்கிற பத்தாயிரம் வேலையில் ஐ.டி.ஐ., டிப்ளமோ, அறிவியல் பட்டம், பொறியியல் பட்டம் எதற்கு எத்தனை என்பதை அரசு ஊருக்கு விளக்கட்டும். அதற்கேற்ற பிரிவு அந்தந்த மாவட்ட ஐ.டி.ஐ.யில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். தொழிற்சாலைக்காரர்கள் ‘திறமையான ஆள் கிடைக்கவில்லை’ என்று மாநாட்டில் புலம்புவதை நிறுத்திவிட்டு, தங்கள் பட்டறையின் பழைய லேத் ஒன்றையாவது பக்கத்து ஐ.டி.ஐ.க்குக் கொடுக்கட்டும். வருடத்துக்குப் பத்துப் பேரை அப்ரண்டிஸ் எடுக்கட்டும்.

மக்களிடம் பேசுவது என்று வரும்போது இஸ்ரோ கொண்டாட விரும்பும் கதை ஒன்று இருக்கிறது. தும்பா. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். காந்தவியல் நடுக்கோடு அருகே போவதால் மேல் வளிமண்டல ஆய்வுக்கு அந்த இடம்தான் தோது. மகதலேனா மரியாள் கோயிலும் மீனவர் வீடுகளும் அங்கே இருந்தன. விக்ரம் சாராபாய் ஆயரைப் பார்த்தார், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா தம் மக்களிடம் பேசினார், இடம் கிடைத்தது, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. கோயில் கட்டடம் அலுவலகமானது, இன்று அது விண்வெளி அருங்காட்சியகம். கதையைச் சொல்லிச் சொல்லி நாம் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். வீட்டை விட்டுப் போன குடும்பங்களுக்கு அது அத்தனை இனிப்பான நினைவாக இருந்திருக்காது. ஆனாலும் கேட்டுவிட்டு எடுத்தார்கள். அந்த வரிசை முக்கியம்.

எதிர்த்திசையில் நம்மிடமே ஒரு பாடம் கிடக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைப்பதாக அறிவித்தார்கள். அறிவியல் கேள்வி நல்ல கேள்வி. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைப் பிடிக்கத் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறையாவது வேண்டும் என்பது இயற்பியல். ஊர்க்காரர்கள் கேட்டது வேறு: வெடி வைத்தால் எங்கள் கிணறு என்ன ஆகும், காடு என்ன ஆகும், பக்கத்து அணை என்ன ஆகும்? பதில்கள் வந்தபோது வதந்திகள் அவற்றுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தன. கதிர்வீச்சு, அணுக்கழிவு என்று இல்லாததையும் சேர்த்துப் பேசியவர்கள் உண்டு. புலிகள் நடமாடும் மலைத் தொடர்ச்சி என்ற நியாயமான அச்சத்தைப் பேசியவர்களும் உண்டு. கடைசியில் மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் இந்தப் பக்கத்தின் வாசகர்களே இரண்டாகப் பிரிவீர்கள். ஒன்றில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போவார்கள் என்று நினைக்கிறேன். ஊரோடு பேச்சைத் தொடங்கிய விதம் சரியில்லை. ஆய்வகம் வேண்டும் என்றவர்களும் அதைத்தான் வருத்தத்தோடு சொன்னார்கள்.

குலசையிலும் மணப்பாட்டிலும் இருக்கிற மீனவர்களுக்கு இப்போது இருக்கிற கேள்வி எளிமையானது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பார்கள். வருடத்துக்கு எத்தனை நாள்? எவ்வளவு முன்னால் சொல்வார்கள்? அன்றைய பாட்டுக்கு யார் பொறுப்பு? இதை ஊர்க் கமிட்டியோடு உட்கார்ந்து பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது. அதே கூட்டத்தில் செயற்கைக்கோள் அவர்களுக்கு என்ன செய்கிறது என்பதையும் சொல்ல இடம் கிடைக்கும். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் வானிலிருந்து பார்த்து மீன் எங்கே கூடும் என்று ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் சொல்கிறது. 2017-இல் ஓகி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்துப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரைக்கு வராதவர்களின் படங்கள் இன்னும் தூத்தூர் வீடுகளில் தொங்குகின்றன. கைப்பேசி கோபுரம் எட்டாத தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி அதன் பிறகுதான் அவசரத் தேவையாக எல்லோர் கண்ணுக்கும் பட்டது. விண்வெளி அறிவியல் என்ன பிரயோசனம் என்று கடற்கரையில் விளக்க நிலாவைக் காட்ட வேண்டியதில்லை.

விளக்குகிற விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். கோவையிலிருந்து புதுக்கோட்டை வரை ஒரு பட்டை முழுக்க மோதிரம் தெரிந்தது. நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தேன். காலை எட்டு மணிக்கே பாதி வீடுகளில் கதவு சாத்தியாகிவிட்டது. ஒரு வாசலில் மட்டும் கூட்டம். தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதில் உலக்கையை நிறுத்தியிருந்தார் ஒரு பாட்டி. கிரகணம் பிடித்திருக்கும்வரை உலக்கை நிற்கும், விட்டதும் விழும் என்பது நம்பிக்கை. அறிவியல் இயக்கத்திலிருந்து சூரியக் கண்ணாடிகளோடு வந்திருந்த இளைஞர் அதைப் பார்த்தார். ‘மூடநம்பிக்கை’ என்று தொடங்கப் போகிறார், கூட்டம் கலையப் போகிறது என்று நினைத்தேன். அவர் பாட்டியிடம், “ஆத்தா, அழகா நிக்குதே! நாளைக்கும் இதே மாதிரி நிறுத்திப் பாக்கலாமா?” என்றார். பாட்டிக்கும் ஆர்வம் வந்துவிட்டது. ஒன்பதரை மணிவாக்கில் மோதிரம் தெரிந்தபோது அதே பாட்டி கண்ணாடியை வாங்கிப் பார்த்து, “அடியே, வளவி மாதிரில்ல இருக்கு!” என்று மருமகளைக் கூப்பிட்டார். மறுநாள் நான் ஊரில் இல்லை. உலக்கை நின்றது, அதன் அடி தட்டையாக இருந்ததுதான் காரணம் என்று பையன்களே கண்டுபிடித்தார்களாம். அந்த இளைஞருக்குச் சம்பளம் ஒன்றும் கிடையாது. பேருந்துக் கட்டணம்கூடக் கைக்காசு.

இப்படி விளக்குவது புதிய கலையும் அல்ல. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கப் போகிறது என்றதும், அது என்ன, எப்படிப் பார்க்கலாம் என்று மக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதி இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். உரையாடல் போன்ற அமைப்பு. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து எழுதியிருக்கிறார். இந்தியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று இன்று வேலூரைத் தாண்டிக் காவலூரில் இருக்கிறது. கொடைக்கானலில் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுக்கிறார்கள். ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவையே தாங்கியாக வைத்து 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் இந்த மூன்று இடங்களையும் கடந்து தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகின்றன.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் ஒரு வெண்பாறை உண்டு. அனார்த்தோசைட். நிலவின் மேட்டுநிலப் பாறையும் அதே இனம். சந்திரயான் தரையிறங்கியையும் உலாவியையும் ஓட்டிப் பார்க்க நிலாமண் வேண்டியிருந்தபோது அந்தப் பாறையை வெட்டி, நொறுக்கி, சலித்து டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் உதவினார்கள். அந்தச் செயல்முறைக்கு இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது. நிலவியல் படித்தவருக்கும் கல் நொறுக்கும் ஆலைக்காரருக்கும் லாரி ஓட்டுநருக்கும் சந்திரயானில் பங்கிருந்தது என்பதை அந்த வட்டாரப் பள்ளிகளில் ஒரு பாடவேளை ஒதுக்கிச் சொன்னால் போதும். ஒரு துண்டுப் பாறையைக் கையில் கொடுத்துச் சொன்னால் இன்னும் நல்லது.

பள்ளிகளுக்கு வருகிறேன். கலாம் படம் இல்லாத பள்ளி தமிழ்நாட்டில் இல்லை. ஒரு பள்ளியில் அந்தப் படத்துக்கு நேர் கீழே ஆய்வகக் கதவு. பூட்டியிருந்தது. சாவி வரக் கால் மணி நேரம் ஆனது. உள்ளே அலமாரியில் குவிலென்சுகள் பழைய செய்தித்தாளில் சுற்றியபடியே இருந்தன. பிரித்து யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. அறிவியல் ஆசிரியரைக் குற்றம் சொல்வது சுலபம். அவர் அன்று இலவசச் சைக்கிள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். “கண்ணாடி உடைஞ்சா நாங்கதான் சார் பணம் கட்டணும்” என்றார். உடைந்தால் கேட்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போட எத்தனை ரூபாய் செலவாகும்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதும் பொய். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வகுப்புகளுக்கு 13,000-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் செய்முறைகளைக் கொண்டுபோகிறது. கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். இஸ்ரோ 2019 முதல் ‘யுவிகா’ என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தன் மையங்களில் தங்கவைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. கிராமப்புறப் பள்ளியில் படித்தால் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு. அந்தக் கூடுதல் மதிப்பெண் இருப்பது எத்தனை கிராமத் தலைமையாசிரியர்களுக்குத் தெரியும்? விண்ணப்பம் இணையத்தில் வருகிறது, சில வாரங்களில் மூடிவிடுகிறது. இஸ்ரோ ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுவது இஸ்ரோவின் வேலையா, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வேலையா, நூலகரின் வேலையா என்று கோப்பு சுற்ற வேண்டாம். ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர் செய்தாலும் ஒட்டியது ஒட்டியதுதான்.

தோல்வியைச் சொல்லிக்கொடுக்கவும் நமக்கு நல்ல கதை வாய்த்திருக்கிறது. நாடெங்கும் அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து ஆசாதிசாட் என்ற சின்னச் செயற்கைக்கோளுக்கு உறுப்புகள் செய்தார்கள். திருமங்கலம் அரசு பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் அமைப்பு ஒருங்கிணைத்தது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வியின் முதல் பயணத்தில் அது ஏறியது. அடுக்கு பிரிந்தபோது வந்த அதிர்வில் முடுக்கமானிகள் கெட்டுப்போனதாக ராக்கெட்டின் மென்பொருள் தப்பாக முடிவுசெய்தது. வட்டப் பாதைக்குப் போக வேண்டியது வளிமண்டலத்தைத் தொடும் பாதையில் போய் விழுந்தது. பிள்ளைகள் செய்தது பிழையில்லை, ஆனாலும் போனது போனதுதான். மறுபடி செய்தார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. முதல் முறை தோற்ற செய்தியை வீட்டில் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அந்தப் பிள்ளைகளையே மேடையேற்றிக் கேட்கலாம். ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு அடி விழுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பெற்றோரிடம் பேசத் தயங்குகிறேன், நானும் பெற்றோர்தான். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை பி.எஸ்சி. இயற்பியல் கேட்டால் எந்த வீட்டிலும் ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்து, ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி. போய், ஜெஸ்ட் எழுதி பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கோ அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்கோ உதவித்தொகையோடு போகலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஜேஇஇ அட்வான்ஸ்டு வழியாகத் திருவனந்தபுரம் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் போகலாம். நீண்ட வழி. நடுவில் சம்பளமில்லாத வருடங்கள் உண்டு. அதை மறைத்து மேடையில் ஆசை காட்டுவதும் தப்பு, அது தெரியாமலே நீட் வகுப்பில் கொண்டுபோய்த் தள்ளுவதும் தப்பு.

அந்தப் பள்ளிக் கூட்டத்துக்கு மறுவாரம் தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் போட்டேன். டெக்னீஷியன் பணி, கல்வித் தகுதி, வயது வரம்பு, எந்த இணையதளத்தில் அறிவிப்பு வரும் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி இணைத்திருந்தேன். அவர் அதை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். “அந்தப் பிள்ள வந்து படிச்சிட்டுப் போனா சார். அண்ணனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிட்டா. இப்ப வேற ஒண்ணு கேக்கா. வெல்டர் வேலைக்குப் பொம்பளப் பிள்ளைகள எடுப்பாங்களான்னு.”

அறிவிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பெண்களுக்குத் தடை எதுவும் இல்லை, விண்ணப்பிக்க ஊக்குவிப்பதாகவே இருக்கிறது. பக்கத்து ஊர் ஐ.டி.ஐ.யில் விசாரித்தேன். வெல்டர் பிரிவில் இதுவரை ஒரு பெண்ணும் சேரவில்லை, யாரும் வந்து கேட்டதும் இல்லை என்றார்கள். அடுத்த வழிகாட்டல் கூட்டத்துக்கு அந்த ஐ.டி.ஐ. பயிற்றுநரையும் கூப்பிட்டிருக்கிறார் தலைமையாசிரியை. வெல்டிங் மெஷினையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம்.